கால்சியம் சோப்பும் கறவைப் பசுவும்

கடின நீர் ஊறும் கிணறுகளில், எவ்வளவு தேய்ப்பினும் சோப்பு நுரையாது; வெண்கசடொன்று துணியிற் படியும். இரசாயன வகுப்பில் அதனைக் கால்சியம் சோப்பு என்று கற்கின்றோம். துணி வெளுப்போர் வெறுக்கும் அக்கசடின் இனமே கறவைப் பசுவிற்கு உணவாகின்றதென்றால் நம்புவார் சிலரே.

கன்றீன்ற சில வாரங்களில் பாற்பெருக்கு உச்சத்தை எட்டுகின்றது. தீனி கொள்ளும் ஆற்றலோ அத்துணை விரைவில் மீள்வதில்லை. ஆதலின் மிகுபால் கறக்கும் பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்தே பால் சொரிகின்றது. உடல் மெலிகின்றது, மறுசினையும் தாழ்க்கின்றது. மாவுப்பொருளினும் ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு ஆற்றலுடைய எண்ணெயை ஊட்டலாகாதோ எனின், அது முதலிரைப்பையில் நாரைச் செரிப்பிக்கும் நுண்ணுயிர்களை நலிவிக்கும். இவ்விடரை நீக்கவே அமெரிக்காவின் ஒகையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் பாம்குயிஸ்ட், ஜென்கின்ஸ் என்போர் 1980-களில் கால்சியம் சோப்பை ஆராய்ந்தனர். அது முதலிரைப்பையிற் பெரும்பாலும் கரையாது கடந்து, நான்காம் இரைப்பையின் அமிலத்திற் பிரிந்து, குடலிற் சேர்கின்றது.

செய்முறையும் அரிதன்று. கொழுப்பமிலத்தைச் சூடாக்கிச் சுண்ணாம்பும் நீரும் சேர்த்துக் கலக்கினால் இறுகிக் குருணையாக உடையும். இதற்கென மலேயாவிலும் இந்தோனேசியாவிலும் விளையும் பனையெண்ணெயின் கழிவமிலத்தையே பெரிதும் நம்பியிருத்தல் நமக்கு உவப்பன்று. நம் நெல்லாலைகளின் தவிட்டெண்ணெயைச் சுத்திகரிக்கையிலும் கொழுப்பமிலம் மிஞ்சுகின்றதன்றோ? அதனாலாகும் சோப்பு முதலிரைப்பையிற் சற்றே எளிதிற் பிரியுமென்பது மெய். ஆயினும் கூட்டுறவுப் பால் சங்கங்கள் அதனைச் செய்து, சோதித்து, உறுப்பினர்க்கு வழங்குதல் தகுமென்பதே எமது துணிபு.

எல்லாப் பசுவிற்கும் இது வேண்டுமென விற்போர் கூற்றை யாம் ஒப்போம். நாளொன்றுக்கு மூன்று லிட்டர் கறக்கும் பசுவிற்குப் பசும்புல்லும் பிண்ணாக்கும் சிறிது பருத்திக்கொட்டையும் போதும். அத்தகைய ஒற்றைப் பசுவால் பிழைக்கும் ஏழை கடன்பட்டு மூட்டை வாங்குவதைக் காண்கையில் எமக்குச் சினமே எழுகின்றது. மிகுபால் கறக்கும் பசுவிற்கும் நாளைக்கு 100 முதல் 200 கிராமே அளவு.

வாங்கியது மெய்யான சரக்கா, சுண்ணக்கட்டித் தூள் கலந்ததா என்று அவ்வேழை எங்ஙனம் அறிவான்? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுச் சூடாக்கினால் சோப்பு பிரிந்து கொழுப்பு மேலே மிதக்கும். சுண்ணக்கட்டி மிகுந்திருப்பின் நுரைத்துப் பொங்கும். சுற்றூரார் கொணரும் தீவனத்தை இங்ஙனம் பார்த்துச் சொல்ல, நமது கலாசாலை இரசாயனக் கூடம் வாரத்தில் ஒரு மாலையேனும் திறந்திருத்தல் வேண்டும். அதற்காகும் செலவு சிறிது அமிலமும் ஒரு சோதனைக் குழாயுமே.