கடைப்பற்றும் கணக்குரிமையும்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரத்தை அடுத்த இவ்வூர்ப் பெருமாள் கோயிற் சுவரிலே, பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட சோழவேந்தன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. கற்றார் பலரும் அதனை மருத்துவக் கல்வெட்டாகவே அறிவர். கோயிலைச் சார்ந்து, வீரசோழன் என்னும் பெயரால், பதினைந்து படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை இயங்கியது. மருத்துவர் ஒருவரும், அறுவை செய்வார் ஒருவரும், மூலிகை கொணர்வாரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும் அங்குப் பணியாற்றினர். இச்செய்தி பள்ளி நூல்கள் வரை பரவியுள்ளது. ஆயின், அதே கல்வெட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. அதனை எடுத்துப் பேசுவார் குறைவு.

நோயாளி ஒருவர்க்கு நாளொன்றுக்கு நாழி அரிசி என அதில் அளவு குறிக்கப்பட்டுள்ளது. எந்தப் பணியாளர்க்கு எத்துணை நெல், எத்துணைக் காசு என்பதும், ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் எவை என்பதும் வெட்டப்பட்டுள்ளன. (அம்மருந்துப் பெயர்களுட் பெரும்பாலன வடமொழியாய் இருத்தல், அக்காலத்தே தமிழுக்கு நேர்ந்துவிட்ட கேட்டினைக் காட்டும், அது வேறு கதை.) அக்கல்லெழுத்தை அன்று படிக்க வல்லார் ஊரில் எத்துணைப் பேர் என்று வினவலாம், வினவத்தக்கதே. எனினும், கொடுக்கப்பட வேண்டிய அளவு எவரும் காணும் சுவரில் நின்றது. பூட்டிய பேழைக்குள் இல்லை. பொருளைப் பெறுவார்க்கும் கணக்குக்கும் இடையே உள்ள இவ்வுறவுதான் இக்கட்டுரையின் பொருள்.

இற்றைத் தமிழர் கடைகளின்மேல் வைத்துள்ள பற்றை எண்ணிப்பார்க்க வேண்டும். அங்காடி தமிழர்க்குப் புதிதன்று. நாளங்காடியும் அல்லங்காடியும் பழந்தமிழ் நூல்கள் பாடிய இடங்கள். ஆனால், ஒரு குறிப்பிட்ட கடையின் பெயரையே குடும்பத்தின் பெயர்போற் கருதி, தாய் வாங்கிய கடையிலேயே மகளும் வாங்கி, வேற்றூருக்குக் குடிபெயர்ந்தாலும் அக்கடையின் கிளை அங்குண்டோ என்று தேடும் பழக்கம், மக்கள் 'சூப்பர் மார்க்கெட்' என்று வழங்கும் சிறப்பங்காடிகளோடு வந்தது. இஃது இழிவான பற்றன்று. கலப்படமில்லாப் பருப்பும் குறையாத எடையும் கிடைத்த இடத்தை மாந்தர் நன்றியோடு நினைப்பது இயல்பே. அப்பற்று யாருடைய உடைமையாகின்றது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

தென்னாட்டில் இவ்வாறு பெரிதும் நேசிக்கப்பட்ட கடைப்பெயர் 'நீலகிரீசு'. 1905-ஆம் ஆண்டில் முத்துசாமி முதலியார் என்னும் தமிழர் தொடங்கிய வெண்ணெய் வணிகமே அதன் வித்து. மலைமேல் வாழ்ந்த வெள்ளையர்க்கு அஞ்சல் சுமந்து சென்றவர் அவர். அவர்கள் கேட்டமையால் வெண்ணெயும் சுமந்தார். பின்னர் அவ்வெண்ணெய்த் தொழிலையே தமதாக்கிக் கொண்டார். 1936-இல் பெங்களூர் பிரிகேடு சாலையில் அக்கடை காலூன்றியது. 1971-இல், வாங்குவோர் தாமே தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையில் அமைந்த சிறப்பங்காடியாக அது மாறிற்று. இந்தியாவில் இம்முறையில் அமைந்த முதற் கடைகளுள் ஒன்று அது. பாலும் வெண்ணெயும் உரொட்டியும் அங்குத்தான் வாங்குவது என்று பெங்களூரிலும் சென்னையிலும் கோவையிலும் எத்துணையோ குடும்பங்கள் உறுதி பூண்டிருந்தன. மலைச்சுமை தூக்கிய ஒரு தமிழரின் உழைப்பு இத்துணைப் பெரிய நம்பிக்கையாய் வளர்ந்தது பெருமைக்குரியதே. அதனை மறுப்பார் யாருமில்லர்.

அந்நம்பிக்கை பின்பு என்னவாயிற்று? இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆக்டிசு என்னும் முதலீட்டு நிறுவனம் முதலிற் பெரும்பங்கை வாங்கிற்று. 2014-இல், மும்பையின் பியூச்சர் குழுமம் ஏறத்தாழ 300 கோடி உருபாவுக்கு அதனை வாங்கியது. எட்டே ஆண்டுகளில், 2022-இல், அக்குழுமத்தின் தலையாய சில்லறை வணிக நிறுவனம் கடனை இறுக்க இயலாமல் நொடிப்பு வழக்குக்குள் சென்றது. இதனிற் குற்றம் கூறுதற்கு ஒன்றுமில்லை. தம் உடைமையைத் தாம் விற்றல் உடையார்க்கு உரிமை. ஆனால் அந்த 300 கோடியில் அடங்கியவை எவை என்று பார்த்தல் வேண்டும். கட்டடங்கள் உண்டு, தட்டுகளும் குளிர்பேழைகளும் உண்டு, இவற்றினும் மேலாக, ஒரு நூற்றாண்டுக் காலம் மக்கள் அப்பெயரின்மேல் வைத்த நம்பிக்கைக்கும் விலை உண்டு. வணிகர் அதனை 'நற்பெயர் மதிப்பு' என்று கணக்கிற் காட்டுவர். அந்நற்பெயரை ஆக்கியவருட் பாதிப்பேர், மறவாமல் வந்து வாங்கிய மக்கள். அது விலைபோன பொழுது அவர்க்கு வந்த பங்கு ஒரு காசும் இல்லை. அவரைக் கேட்டாரும் இல்லை.

பற்று வைத்தவரே உடையவராகவும் இருக்கும் கடை உலகில் இல்லையா என்றால், உண்டு. அதனைத் தொடங்கியவர் அரசருமல்லர், பெருவணிகருமல்லர். இங்கிலாந்தின் இரோச்சுடேல் என்னும் ஊரில், நெசவாளரும் பிற கைவினைஞருமாகிய 28 பேர், ஆளுக்கொரு பவுனாகச் சேர்த்து, 1844 திசம்பர் 21-ஆம் நாள் மாலை ஒரு சிறு கடையைத் திறந்தனர். அன்று அவர்கள் விற்ற பண்டங்கள் வெண்ணெய், சருக்கரை, மாவு, மெழுகுவத்தி முதலிய சிலவே. ஆலை முதலாளிகளின் கடைகளில் கலப்பட மாவையும் கூடிய விலையையும் பொறுத்துப் பொறுத்துச் சலித்தவர்கள் அவர்கள். எனவே கடனுக்கு விற்பதில்லை, எடை குறைவதில்லை, பங்கு எத்துணையாயினும் ஒருவர்க்கு ஒரே வாக்கு, எஞ்சும் ஊதியம், அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிரப்படும் என்று நெறி வகுத்தனர். மிகுதியாக வாங்கியவர்க்கு மிகுதியான ஈவு. கடைமேல் வைத்த பற்றுக்குக் கடையே கணக்கெழுதித் திருப்பிக் கொடுத்தது எனலாம்.

அந்நெறி தமிழ்நாட்டுக்கு வந்துசேர அறுபது ஆண்டுகள் ஆயின. 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுக் கழகம் தொடங்கப்பட்டது. தொடங்கியோருள் ஒருவர் சீனிவாச சாத்திரியார். அவருடைய அரசியலும் மொழிக்கொள்கையும் தமிழர்க்கு உவப்பானவை அல்ல. ஆயினும் நற்செயலை நற்செயல் என்றே கூறவேண்டும். அவ்வாண்டிற் பிறந்த வெள்ளையர் சட்டம் கடன் கழகங்களையே மனத்திற் கொண்டிருந்தது. பண்டம் விற்கும் கழகங்களுக்குச் சட்டம் முழுமையாக வழிவிட்டது 1912-இலேதான். சட்டம் வருமுன்னரே அரிசியும் பருப்பும் கூட்டுறவில் விற்கத் துணிந்த அக்கழகம், இந்திய நாட்டின் நுகர்வோர் கூட்டுறவுக்கே முன்னோடியாய் நின்றது.

1962-ஆம் ஆண்டுச் சீனப் போரின் பின்னும், 1966-இல் உருபாவின் மதிப்புக் குறைக்கப்பட்ட பின்னும் விலைகள் ஏறின. அப்பொழுது அரசின் துணையோடு கூட்டுறவுச் சிறப்பங்காடிகள் நகரந்தோறும் எழுந்தன. கோவையிற் சிந்தாமணி, சென்னையிற் காமதேனு, வேலூரிற் கற்பகம், மதுரையிற் பாண்டியன். கேட்டதெல்லாம் கொடுக்கும் மணியும் ஆவும் மரமும் பெயர்களாயின. தூய தமிழ்ப்பெயர் தேடுவதற்குப் பெயரிட்டோர்க்கு நேரமில்லை போலும். பாண்டியனாவது தமிழனாய் நின்றான்! பெயர் எதுவாயினும் மக்கள் அவற்றைத் தம் கடைகளாகவே கொண்டனர். தீபாவளி வெடிக்குக்கூட அங்கே வரிசையில் நின்றனர். 'சிந்தாமணியில் வாங்கியது' என்றால் எடையைப் பற்றிப் பேச்சே இல்லை என்னும் அளவுக்கு அப்பெயர் ஊன்றியிருந்தது.

அப்பற்று இன்று ஏன் தளர்ந்தது? தனியார் கடைகளின் ஒளிவிளக்கும் குளிர்காற்றும் மக்களை மயக்கிவிட்டன என்பர் சிலர். அது சோம்பலான விடை. தட்டு வெறுமையாய் இருக்கும் கடைக்கு, கேட்டதற்கு முகங்கொடுத்து விடைசொல்லாத கடைக்கு, மக்கள் ஏன் செல்லவேண்டும்? தட்டு ஏன் வெறுமையாயிற்று என்பதையே ஆராய வேண்டும்.

நெருக்கடிநிலைக் காலமாகிய 1976-இல், தமிழ்நாட்டுக் கூட்டுறவு அமைப்புகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிக்குழுக்கள் கலைக்கப்பட்டன. அரசு அமர்த்திய தனி அலுவலர்கள் அவ்விடத்தில் அமர்ந்தனர். மீண்டும் தேர்தல் நடந்தது 1996-இல். இருபது ஆண்டுகள்! கலைத்தவர் போனபின் வந்தவரும் அதனை மாற்றவில்லை. கடைக்கு உடையவர் எனப்பட்ட உறுப்பினர், தம் கடையை ஆள்வாரைத் தாமே தேர்ந்தெடுக்க இயலாமல் ஒரு தலைமுறைக் காலம் வாயிலிற் கைகட்டி நின்றனர். பின்னரும், 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023-இல் முடிந்ததும், மறுபடி தனி அலுவலர்களே வந்தனர். தேர்தல் நடந்த காலங்களிலும் கட்சிக்காரரே குழுக்களை நிரப்பினர் என்பது ஊரறிந்த செய்தி. அலுவலருட் செம்மையானவர் பலர் இருத்தல் கூடும். ஆனால் மாற்றலாகிப் போகும் ஒருவர்க்கு, வெறுமையான தட்டு ஒரு கோப்பின் செய்தி மட்டுமே. அக்கடையில் பத்துப் பங்கு வைத்திருக்கும் முதியவர்க்கு அது தம் வீட்டு அடுக்களை. உடையவரை வெளியேற்றிவிட்டு உடைமைப் பற்றை எதிர்பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்?

இங்கே காஞ்சிபுரத்து நெசவாளரை நினையாமல் இருத்தல் இயலாது. கூட்டுறவு என்னும் சொல்லின் பொருளைத் தறிக்குழியிலேயே கற்றவர் அவர். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் என்னும் பெயர்களில் இயங்கும் பட்டுக் கூட்டுறவுக் கழகங்கள், பட்டிழையும் சரிகையும் கொடுத்துக் கூலி கொடுக்கும் முறையை நிலைநாட்டின. அதற்கு முன் முன்பணக் கடனால் முதலாளி ஒருவரிடமே கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் எத்துணை! 1935-இல் நெசவாளர் கூட்டுறவுகளின் தலைமைக் கழகமாக எழுந்த கோ-ஆப்டெக்சு, தமிழர் நெய்த துணியைத் தமிழ்நாட்டுக்கு அப்பாலும் கடை வைத்து விற்றது. துணியை விற்பதிற் கூட்டுறவு கண்ட அந்நெசவாளர், அரிசியை வாங்குவதில் மட்டும் கணக்குக் காட்டாத கடைக்கு அன்பைக் கொடுக்கின்றனர். இரோச்சுடேலார் அரிசிப்பானையின் பக்கத்திலிருந்து தொடங்கினர். காஞ்சியார் தறியின் பக்கத்திலிருந்து தொடங்கி, பானையை எட்டுமுன் நின்றுவிட்டனர்.

தனியார் கடையில் வாங்குதல் குற்றமன்று. அங்கு உழைப்போரும் தமிழ் மக்களே. அக்கடையின் பெயர்மேல் வைக்கும் பற்று, உடையவர் விரும்பும் நாளில், வாங்கியவரைக் கேளாமலே கைமாறும் என்பதை அறிந்து வாங்குக. கூட்டுறவுச் சிறப்பங்காடியிற் பங்கு வைத்திருப்போரோ, தாம் வைத்திருப்பது என்ன என்பதையே மறந்து, பழைய பங்குச்சீட்டுகளைப் பெட்டிகளின் அடியிற் போட்டு வைத்துள்ளனர். அச்சீட்டுக்கு உரிய வாக்கு இன்றும் ஒன்று. பேரவைக் கூட்டம் கூட்டப்பெறும் நாளைக் கேட்கவும், ஆண்டுக் கணக்கைக் காட்டச் சொல்லவும், தேர்தல் எப்பொழுது என்று எழுதிக் கேட்கவும் அச்சீட்டுடையார்க்கு உரிமை உண்டு. ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பேர் அதனை எடுத்துத் தூசு தட்டி, ஒரே நாளில் அங்காடி அலுவலகத்துக்குச் சென்று கணக்கேட்டைக் கேட்பாராயின், அலுவலர் முதலில் வியப்பர்; அடுத்துக் கணக்கேட்டைத் தேடுவர்.