புத்தக அலமாரி: அண்டங்காக்கைகளின் மாவு மில்

கிராபாத்துக்கு வயது 14. அப்பா, அம்மா இல்லை. இன்னும் இரண்டு பையன்களோடு மூன்று ராஜாக்கள் வேஷம் போட்டுக்கொண்டு, ஜனவரிப் பனியில் ஊர் ஊராகப் பாட்டுப் பாடிப் பிச்சை எடுக்கிறான். ராத்திரி கண்ணை மூடினால் ஒரு கனவு. நீளமான கழி ஒன்றில் 11 அண்டங்காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கழியின் ஓரத்தில் ஓர் இடம் காலி. பெயர் சொல்லி, ஒரு மாவு மில்லுக்கு வரச் சொல்கிறது ஒரு குரல்.

அவன் போகிறான். அங்கே ஒரு கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்த மாஸ்டர் இருக்கிறார். எதிரே மண்டை ஓட்டின் மேல் ஒரு மெழுகுவத்தி. சங்கிலி போட்டுக் கட்டிய தடிமனான புத்தகம். மாவரைக்க மட்டும் கற்றுக்கொள்கிறாயா, மற்றதையும் சேர்த்தா என்று மாஸ்டர் கேட்க, பையன் யோசிக்காமல் 'மற்றதையும்' என்கிறான். 'கிராபாத்' நாவல் சூடு பிடிக்கும் இடம் இது.

ஜெர்மன் எழுத்தாளர் ஓட்ஃப்ரீட் பிராய்ஸ்லர் எழுதி 1971-ல் வெளிவந்த நாவல். அடுத்த வருடமே ஜெர்மனியின் இளையோர் இலக்கிய விருதைப் பெற்றது. ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் வருவதற்கு 26 வருடங்களுக்கு முன்னாலேயே வந்த மந்திரப் பள்ளிக்கூடக் கதை இது. ஆனால் ஹாக்வார்ட்ஸில் ஆபத்து பெரும்பாலும் வெளியிலிருந்து வரும். தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் பிள்ளைகளின் பக்கம் நிற்பார். இங்கே ஆபத்தே வாத்தியார்தான்.

சூனியக் கதை என்றாலே எலும்பும் ரத்தமும் பறக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முதல் ஆச்சரியம், இந்த மந்திரம் எவ்வளவு உபயோகமானது என்பது. கிராபாத்துக்குக் கொடுக்கப்படும் முதல் வேலை, மாவு அறையைப் பெருக்குவது. கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருக்கின்றன. பெருக்கப் பெருக்க மாவு எழும்பிப் பறந்து மறுபடி தரையில் படிகிறது. பையன் அழுகிற நிலைக்கு வந்த பிறகு மூத்த வேலையாள் டோண்டா கதவைத் திறக்கிறான். வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறான். மொத்த மாவும் வெள்ளை வாலாக எழுந்து வெளியே பறந்து காட்டுக்குள் மறைகிறது. பனியில் மரம் வெட்டி ஓய்ந்து நிற்கும்போது டோண்டா தோளில் கை வைத்தால் போதும், உடம்புக்குள் தெம்பு பாய்கிறது. வீட்டில் துடைப்பம் பிடித்த எந்தப் பிள்ளைக்கும் இந்த மந்திரம் மேல் ஆசை வராமல் இருக்காது!

அதோடு சோறு. மில்லில் வயிறு நிறையச் சாப்பாடு, படுக்க மெத்தை, அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிற உடைகள். இதற்கு முன்னால் அந்த உடைகளைப் போட்டிருந்தவன் எங்கே என்ற கேள்விதான் மெல்ல மெல்ல நம்மைக் குடைய ஆரம்பிக்கிறது.

வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் 12 பையன்களும் அண்டங்காக்கைகளாக மாறிக் கழியில் உட்காருவார்கள். மாஸ்டர் அந்தச் சங்கிலிப் புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தை மூன்று முறை படிப்பார். ஞாபகம் இருப்பவனுக்கு வித்தை வரும், இல்லாதவனுக்கு இல்லை. அமாவாசை ராத்திரிகளிலோ, தொப்பியில் சேவல் இறகு செருகிய ஒருவர் வண்டியில் வருவார். மற்ற நாட்களில் சும்மா கிடக்கும் ஒரு திரிகைக் கல் அன்றைக்கு மட்டும் சுற்றும். அதில் அரைபடுவது தானியம் இல்லை.

அந்த இறகுத் தொப்பிக்காரருக்கு மாஸ்டர் வருடத்துக்கு ஓர் உயிர் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் உயிர் போகும். அதனால் வருடத்தின் கடைசி ராத்திரியில் மில்லில் ஒரு பையன் சாகிறான். செத்தவனைப் பற்றி மற்றவர்கள் பேச்செடுப்பதில்லை. சில நாட்களில் காலி இடத்துக்குப் புதிதாக ஒரு பசித்த பையன் வந்து சேர்கிறான். சுற்று மறுபடி தொடங்குகிறது.

இதை பிராய்ஸ்லர் அலறல் இல்லாமல் சொல்கிறார். பையன்கள் கெட்டவர்கள் இல்லை. சிரிக்கிறார்கள், மாடாகவும் குதிரையாகவும் மாறிச் சந்தையில் விலைபோய் வாங்கியவரை ஏமாற்றிவிட்டுத் திரும்பி வருகிறார்கள், ராணுவத்துக்கு ஆள் பிடிக்க வந்த அதிகாரியை அழவைக்கிறார்கள். இந்தப் பகுதிகள் குபீர் சிரிப்பு. ஆனால் ஒவ்வொருவனுக்கும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது: இந்த வருடம் நானாக இல்லாமல் இருந்தால் சரி. மாஸ்டரின் உண்மையான பலம் சங்கிலிப் புத்தகத்தில் இல்லை, இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. யாரிடம் போய்ப் புகார் செய்வது? அவர் சாக்சனியின் ஆட்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, போரை நிறுத்தாதீர்கள் என்று ஆலோசனை சொல்லும் அளவுக்குப் பெரிய புள்ளி!

இந்தக் கணக்கு எழுத்தாளருக்கு எப்படித் தெரிந்தது? 1923-ல் பிறந்த பிராய்ஸ்லர், ஹிட்லர் காலத்தில் வளர்ந்தவர். இளம் வயதில், ஹிட்லரின் இளைஞர் இயக்கத்தைப் பின்னணியாக வைத்து அந்தக் காலத்துக்கு ஏற்ற ஒரு நாவலும் எழுதினார். பிறகு ராணுவம். 1944-ல் சோவியத் படையிடம் பிடிபட்டு ஐந்து வருடங்கள் போர்க் கைதி முகாம்களில் இருந்தார். விடுதலையான பின் பவேரியாவில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே குட்டி சூனியக்காரி, குட்டிப் பேய் என்று சின்னக் குழந்தைகளுக்குச் சிரிப்புக் கதைகள் எழுதினார். 'கிராபாத்' மட்டும் லேசில் முடியவில்லை. நடுவில் நிறுத்தி, ஒரு கொள்ளைக்காரனைப் பற்றி ஜாலியான கதை எழுதிவிட்டு, மறுபடி இதற்குத் திரும்பினார். மொத்தம் பத்து வருடங்கள். இது தன்னுடைய, தன் தலைமுறையுடைய கதை என்று பின்னாளில் சொன்னார்.

மூலக் கதை அவருடையது இல்லை. கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் சோர்பியர் என்ற சிறுபான்மை மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது ஸ்லாவிய மொழி. கிராபாத் அவர்களுடைய நாட்டார் கதைகளில் வரும் நல்ல மந்திரவாதி. சாக்சனி ஆட்சியாளரிடம் வேலை பார்த்து, 1704-ல் இறந்த குரோஷியப் படைத்தலைவர் ஒருவரைச் சுற்றித்தான் அந்தக் கதைகள் வளர்ந்தன என்பார்கள். 'குரோஷியர்' என்பதன் திரிபுதான் கிராபாத்.

கதைக்கு வருவோம். டோண்டா தரும் ஒரு புத்திமதி முக்கியமானது: உனக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தால் அவள் பெயரை மில்லில் யாரிடமும் சொல்லாதே. ஈஸ்டர் ராத்திரியில் பக்கத்து ஊரில் பாடும் ஒரு பெண்ணின் குரலை கிராபாத் கேட்டுவிட்ட பிறகு இந்தப் புத்திமதிக்கு அர்த்தம் புரிகிறது. மில்லின் சாபத்துக்கு ஒரே ஒரு கதவுதான் உண்டு. ஒரு பெண் வருடக் கடைசி ராத்திரியில் வந்து, தன் காதலனை விடுவிக்கும்படி மாஸ்டரிடம் கேட்க வேண்டும். 12 பேருக்கு நடுவே அவன் யார் என்று சரியாகச் சொல்ல வேண்டும். தவறினால் இரண்டு பேரும் காலி. ஜெயித்தாலும் இழப்பு உண்டு. பையன்கள் எல்லோருடைய மந்திரமும் போய்விடும். மறுநாளிலிருந்து மாவு மூட்டை, மாவு மூட்டையின் கனம்தான் கனக்கும்.

இதற்கிடையில் மாஸ்டர் வேறொரு வலை விரிக்கிறார். எனக்குப் பிறகு இந்த மில் உனக்கு, சம்மதமா என்கிறார். மந்திரம், பணம், அரண்மனைச் செல்வாக்கு, சாவில்லாத கடைசி ராத்திரிகள் எல்லாம் கிடைக்கும். முன்பு பசித்திருந்தபோது உடனே 'சரி' சொன்ன அதே பையன் இப்போது என்ன சொல்கிறான், அந்தப் பெண் கண்ணைக் கட்டிய பிறகும் எப்படி அடையாளம் காண்கிறாள் என்பதை இங்கே உடைத்தால் படிக்கப் போகிறவர்கள் மாஸ்டரைவிடப் பெரிய சாபம் கொடுப்பார்கள். அந்த விடை மந்திரமே இல்லை, ரொம்பச் சாதாரணமானது என்பதை மட்டும் சொல்லி வைக்கலாம். மில்லில் எல்லோரும் முட்டாள் என்று கேலி செய்யும் யூரோ மீது மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர் ஆன்தியா பெல். ஆஸ்ட்ரிக்ஸ் காமிக்ஸை இங்கிலீஷுக்குக் கொண்டுவந்த இருவரில் ஒருவர், அதனால் வாசிப்பு வழுக்கிக்கொண்டு போகும். 11, 12 வயதிலிருந்து தாராளமாகப் படிக்கலாம். அதற்கும் சின்னவர்கள் என்றால் முதல் பாகத்தின் முடிவில் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருப்பது நல்லது. டோண்டாவைப் பிடித்துப்போன பிள்ளைகள் அங்கே புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். 2008-ல் ஜெர்மனியில் படமாகவும் வந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.