பானையில் யார் பெயர்?

போன பொங்கலுக்கு முந்தின வாரம் சிகாமட்டில் ஒரு கடையில் பானை வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் பேரம் பேசினார். "அண்ணே, வெறும் மண்ணுதானே, இதுக்குப் பதினெட்டு வெள்ளியா?" அவருடைய டி-சட்டையின் முதுகில் கொட்டைத் தமிழி எழுத்தில் கீழடி.

சிரிக்கச் சொல்லவில்லை. 2019இல் கீழடி அறிக்கை வந்ததிலிருந்து நாம் எல்லாருமே அந்த டி-சட்டைதான். கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்கிறோம், 56 ஓடுகளில் எழுத்து என்கிறோம், ஆதன், குவிரன் என்று உருகுகிறோம். ஆதன் பானைக்குச் சொந்தக்காரனாக இருக்கலாம் ஐயா! பழைய ஓடுகளில் இப்படிப்பட்ட பெயர்கள் பல, சுட்டு முடித்த பிறகு கீறியவை. வாங்கியவன் கை அது. செய்தவன் பெயர் எங்கே? நமக்கு எழுத்து போதும், ஓடு வெறும் காகிதம்.

அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் பாருங்கள். கறுப்பு-சிவப்புப் பானையைச் சூளையில் கவிழ்த்துச் சுடுவார்கள். உள்ளே காற்றில்லை, கறுக்கும். வெளியே காற்று படும், சிவக்கும். ஒரே நெருப்பில் இரண்டு நிறம். பேராக்கின் சாயோங்கில் மலாய்க் குயவர்கள் சூளைச் சூடு ஆறுமுன் உமியில் புதைத்து லாபு கூஜாவைக் கறுப்பாக்குகிறார்கள், கிட்டத்தட்ட அதே சூத்திரம். லாபு சாயோங் என்று ஊர்ப்பெயரே அதற்குப் பெருமை. கோல சிலாங்கூரில் சக்கரம் சுற்றும் தமிழ்க் குடும்பங்களை நாம் தீபாவளிக்கு நாலு நாள் நினைத்தால் அதிகம்.

புறநானூற்றுக் காலம் இவ்வளவு மோசமில்லை. கிள்ளிவளவன் செத்தபோது ஐயூர் முடவனார் குயவனைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார், இவனுக்கேற்ற தாழியை எப்படி வனைவாய் என்று. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடம், தோற்றவன் உன்னைவிட நல்லவன் என்று நேருக்கு நேர் சொன்னவர் வெண்ணிக் குயத்தியார். பெயரிலேயே தொழில் இருக்கிறது. நம் இலக்கியக் கூட்டங்களில் ஔவையாரைத் தாண்டி இவரிடம் வருவதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிடும். தமிழர் பெருமைக்குப் பானை வேண்டும், சம்பந்தம் பேச மட்டும் பானை செய்கிற வீடு வேண்டாம்.

"ரைஸ் குக்கர் காலத்துல என்னங்க பண்றது?" என்பார்கள். என் வீட்டிலும் குக்கர்தான். மண்பானையில் சமையுங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வாங்குகிற ஒன்றுக்காவது கேட்ட விலையைக் கொடுங்கள், செய்தவர் யார் என்று விசாரியுங்கள்.

நான் விசாரித்தேன். "தெரியாதுங்க, லாரில வருது" என்றார் கடைக்காரர். பதினெட்டு வெள்ளி கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அடியைத் திருப்பிப் பார்த்தேன். விலைச் சீட்டு ஒட்டியிருந்தது.