நாய்க்கும் பல் வலிக்கும்!



“நாய்க்கும் தினமும் பல் விளக்கி விடணும்” என்று நான் வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். “அப்படியே பவுடர் போட்டு ஸ்கூலுக்கும் கூட்டிட்டு வாடா” என்றான் ஒருத்தன். சிரிங்க, பரவாயில்லை. ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுச் சிரிங்க.

எங்கள் வீட்டு மணிக்கு ஏழு வயசு. போன வருடம் திடீரென்று சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றை வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். “கொழுப்பு! கறி இருந்தாத்தான் திங்கும்” என்று திட்டினோம். பக்கத்தில் வந்தால் வாய் நாறுகிறது என்று நானே விரட்டினேன். கடைசியில் கால்நடை மருத்துவர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பற்களில் பழுப்பாகக் காரை. ஈறு சிவந்து வீங்கியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். வலியில் சாப்பிட முடியாத ஜீவனையா இத்தனை நாள் திட்டினோம்!

நமக்கு 32 பற்கள், வளர்ந்த நாய்க்கு 42. பல்லில் படியும் அழுக்கைத் தேய்க்காமல் விட்டால், எச்சிலில் உள்ள தாது உப்புகள் சேர்ந்து சில நாளிலேயே கல் மாதிரி இறுகிவிடும். அதுதான் காரை. அப்புறம் வீட்டில் தேய்த்தால் போகாது, மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

“தெருநாய்க்கு யாரு பல் விளக்குறா?” என்று ஆச்சி கேட்டாள். அதுக்கும் பல் கெடத்தான் செய்யும் ஆச்சி, பார்க்கத்தான் ஆள் இல்லை. “எலும்பு போட்டாப் போதுமே” என்பவர்களுக்கு: வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

செய்வது சுலபம். ஈரத்துணியை விரலில் சுற்றி, முதல் சில நாள் ஈறைத் தடவிப் பழக்குங்கள். பிறகு குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ். மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்தில்தான் காரை அதிகம் பிடிக்கும், அங்கே நன்றாகத் தேய்க்க வேண்டும். நம் பேஸ்ட் கூடவே கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சில பேஸ்ட்டில் உள்ள சைலிட்டால் நாய்க்கு விஷம்! நாய்க்கென்றே பேஸ்ட் விற்கிறது. கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீர் போதும்.

ஒரு எச்சரிக்கை: தடுப்பூசி போட்ட, நம்மிடம் பழகிய வீட்டு நாய்க்கு மட்டும், பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தெருநாய் வாயில் கை வைக்காதீர்கள். ஈறு வீங்கியிருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். வலி இருந்தால் நம்ம நாயும் கடிக்கும்.

வீட்டுக்குக் காவல் வேண்டும் என்றுதான் நாய் வளர்க்கிறோம். திருடன் பயப்படுவதே அதன் பல்லுக்குத்தான். அந்தப் பல்லுக்காக ஒரு நாளில் இரண்டு நிமிடம் கொடுக்க மாட்டோமா? வலிக்குது என்று சொல்ல அதுக்கு வாய் இல்லை. நமக்குக் கண் இருக்கிறதே நண்பர்களே!

இப்போது சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்