அயலூரைக் காண ஒரு பிரயாணம்

விடுமுறை நெருங்கியதும், "இம்முறை எங்கே போவது?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்துவிடுகிறது. நுவரெலியா என்பார் ஒருவர். கண்டி என்பார் மற்றொருவர். கல்முனையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் குடும்பத்தினருக்கு நான் கூறும் யோசனை வேறு. சனி, ஞாயிறு இரண்டு நாட்களையும் நம் வீட்டு வாயிலிலிருந்து தெற்கே செல்லும் பெருவீதியிலேயே செலவிடுங்கள். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தூரம். நேரே ஓடினால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனை இரண்டு நாட் பிரயாணமாக ஆக்கிக்கொள்வதிலேதான் இதன் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது.

காரணம் கூறுகிறேன். அறுகம்பையைக் கண்டவர் எத்தனை பேர் என்று வகுப்பிலே கேட்டால் பாதிப் பேருக்கு மேல் கை உயர்த்துகின்றனர். பிற சமயத்தவர் வாழும் அயலூர் ஒன்றில் இறங்கி, அங்கே ஒரு மணி நேரமாவது தங்கியவர் எத்தனை பேர் என்று கேட்டால் உயர்ந்த கைகள் தாழ்ந்துவிடுகின்றன. கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்பவர் என்பது நம் முன்னோர் வாக்கு. குழலிலே மாவும் பூவும் மாறி மாறி அடுக்கப்படுவது போல, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று இவ்வீதியில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. 1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த கலவரங்களும் கொலைகளும் அயலவரை அயலவர் அஞ்சச் செய்தன. யுத்தம் 2009இல் முடிந்தது. இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அந்நாட்களைக் கண்டவரல்லர். ஆயினும் பெற்றோரின் அச்சம் அவர்களுக்கும் முதுசமாக வந்து சேர்ந்திருக்கிறது. அதனைப் போக்குவதற்குப் பிரசங்கத்தைவிடப் பிரயாணமே மேலான வழி என்பது எனது துணிபு.

முதலிற் காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவமழையால் இப்பகுதி வெள்ளக்காடாகிவிடும். 2024ஆம் ஆண்டு நவம்பரில், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில், மதரஸா மாணவர் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்று இளம் உயிர்களைப் பலிகொண்டதை நாம் மறக்கவில்லை. மாசி, பங்குனி மாதங்களே உகந்தவை. மழை ஓய்ந்திருக்கும், வட்டைகளில் பெரும்போக அறுவடை நடைபெறும். சித்திரைக்குப் பின் செல்பவர் கரைவலை இழுக்கும் காட்சியைக் காணலாம். ஆனால் கச்சான் காற்றின் வெப்பத்தையும் சகித்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை, சற்று வடக்கேயுள்ள மருதமுனையிலிருந்து தொடங்குங்கள். கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. விசைத்தறித் துணிகளின் போட்டியால் தறிகள் குறைந்துவிட்டன என்றாலும், சாரமும் சேலையும் நெய்வோர் இன்னும் இருக்கின்றனர். பாவும் ஊடும் கூடித் துணியாகும் விதத்தைப் பிள்ளைகள் கண்ணாற் காணட்டும். அடுத்த ஊர் பாண்டிருப்பு. பாரதக் கதையைச் சடங்காகவே நடத்தித் தீமிதிப்பில் நிறைவுறும் விழாவினையுடைய திரௌபதை அம்மன் ஆலயம் அங்கே இருக்கிறது. அதன் பின் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல். நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் அங்கே கொடியேற்ற விழா நடைபெறுகிறது.

அக்கடற்கரையிற் சிறிது நேரம் அமைதியாக நில்லுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. 10,000 பேருக்கு மேல் மாண்டனர். கடலோரத்தில் நெருங்கியிருந்த வீடுகள் அழிந்தன. மருதமுனையும் சாய்ந்தமருதும் பாண்டிருப்பும் காரைதீவும் அன்று ஒரே துயரத்தில் மூழ்கின. இதனைப் பிள்ளைகளுக்கு அவ்விடத்திலேயே சொல்லுங்கள்.

அடுத்துக் காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் 1892இற் பிறந்த ஊர் இது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் றமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர் அவர். பழந்தமிழ் இசைக்கருவியை ஆராய்ந்து அவர் இயற்றிய 'யாழ் நூல்' 1947இல், அவர் மறைந்த ஆண்டிலேயே, அரங்கேறியது. இங்குள்ள கண்ணகி அம்மன் ஆலயத்தில் வைகாசி மாதத்திலே குளிர்த்திச் சடங்கு நிகழும். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால், சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குச் செல்லும் வீதி. அதிற் சில கிலோமீற்றர் சென்று திரும்புங்கள். இருமருங்கும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்களே. பட்டிப்பளை ஆற்றை மறித்து, 1949இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டத்தினால் உருவான சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் இவ்வயல்களுக்குப் பாய்கிறது.

மீண்டும் பெருவீதிக்கு வந்து நிந்தவூரைக் கடந்தால் ஒலுவில். 1995இல் கல்லூரியாகத் தொடங்கி 1996இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. மாணவர் கருத்தூன்றிக் கவனிக்கவேண்டிய மற்றொன்று 2013இற் திறக்கப்பட்ட துறைமுகம். இக்கரையிலே கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்லும் இயல்புடையது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலை மறித்தன. மறிபட்ட மணல் துறைமுக வாயிலைத் தூர்த்தது; மணல் கிடைக்காத வடகரையையோ கடல் அரித்துத் தென்னந்தோப்புகளையும் காணிகளையும் விழுங்கியது. பூமிசாத்திரப் பாடத்தில் ஒரு மாதம் படிப்பதை இங்கே அரைமணி நேரத்தில் விளங்கிக்கொள்ளலாம்.

மதிய உணவுக்கு அக்கரைப்பற்று. முஸ்லிம்களும் தமிழரும் ஒரே பட்டினத்தில் அருகருகே வாழும் ஊர் இது. இரு சமூகத்தாரிடையேயும் தாய்வழிக் குடிமுறை உண்டு. கோயில் வண்ணக்கரையும் பள்ளிவாசல் மரைக்காயரையும் குடிவழியே தெரிவு செய்யும் மரபும், மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கமும் இருவர்க்கும் பொது. வழிபாடு வேறாயினும் குடும்ப அமைப்பு ஒன்றே என்பதைப் பெரியவர் எடுத்துக் கூறலாம். உணவின் பின் எருமைத் தயிரை மறவாதீர்கள்.

பிற்பகலிலே தம்பிலுவிலைக் கடந்து திருக்கோவிலை அடைந்தால், கடலை நோக்கி நிற்கும் சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்தைத் தரிசிக்கலாம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் புகழ்பெற்றது அது. அதற்குத் தெற்கே ஊர்கள் அருகி, காடும் களப்பும் மிகும். யானைகள் வீதியைக் கடக்கும் பகுதியாதலால் பொழுது சாயுமுன் பொத்துவிலை அடைந்துவிட வேண்டும். வழியிலே கோமாரிக்கு அண்மையில் இருப்பது சங்கமன்கண்டி. நிலப்படத்தை விரித்து விரலால் தொட்டுக் காட்டுங்கள்: இலங்கைத் தீவின் கிழக்கெல்லை அதுவே.

இரவு பொத்துவிலிலோ அறுகம்பையிலோ தங்கி, ஞாயிறு விடியலிற் கடலிலிருந்து எழும் சூரியனைக் கண்டபின் தெற்கே பாணமைக்குச் செல்லுங்கள். சிங்களவரும் தமிழரும் மணவுறவாற் கலந்த பழைய கிராமம் அது. காரைதீவிற் கண்ணகியாகக் கண்ட தெய்வம் இங்கே பத்தினியாக வழிபடப்படுகின்றாள். நம்மவரின் கொம்பு விளையாட்டே இங்கே 'அங்கெலிய' என்ற பெயரால் ஆடப்படுகிறது. நேரம் இருப்பின் உகந்தை முருகன் கோயிலையும், அதற்கு அப்பாலுள்ள குமணப் பறவைகள் சரணாலயத்தையும் காணலாம். இல்லையேல், அவற்றை அடுத்த முறைக்கு விட்டுவிட்டுப் பகலுணவின் பின் திரும்புவதே நலம்.

இனி ஏற்பாடுகள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வான் ஒன்றை அமர்த்தினாற் செலவு குறையும். பஸ்ஸிற் செல்வதாயின் அக்கரைப்பற்றில் மாறிச் செல்லலாம். அயலூரவரான ஒரு நண்பருக்கோ, உடன் தொழில் புரிபவருக்கோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் வீட்டுத் திண்ணையில் அருந்தும் ஒரு கோப்பைத் தேநீர் இப்பிரயாணத்தின் சிறந்த பகுதியாக அமையும். பள்ளிவாசலுக்குச் செல்வோர் தொழுகை வேளையைத் தவிர்த்து, அனுமதி பெற்று, தலையையும் உடலையும் மூடிச் செல்க. கோயிலுக்கு வரும் முஸ்லிம் அன்பர்கள் வெளிவீதியில் நின்று பார்ப்பதற்குத் தடை ஏதுமிராது, ஐயமிருப்பின் கேட்டறிக. பிள்ளை ஒவ்வொருவரிடமும் ஒரு கொப்பி கொடுத்து, இறங்கிய ஊரின் பெயரையும் அங்கே புதிதாகக் கற்ற செய்தி ஒன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு நாள் குறிக்குமுன், இரவுச் சாப்பாட்டின் பின் குடும்பமாக அமர்ந்து, நீங்கள் இதுவரை இறங்கியிராத ஊர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவற்றுள் உங்கள் வீட்டுக்கு மிகவும் அண்மையில் உள்ள ஊரிலே வண்டியை முதலில் நிறுத்துங்கள்.