மகாராஜாவின் கார்க் கொட்டகையும் நமது தொழில்நுட்ப வரலாறும்

இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்து மோட்டார் வண்டிகளைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. இந்தூர் யஷ்வந்த்ராவ் ஹோல்கருக்காக லண்டன் கர்னி நட்டிங் நிறுவனம் கூடு கட்டிய டூசன்பெர்க் முதலில் வரும். அடுத்து இராஜ்கோட் அரசரின் 1934ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ். (நெட்டுக்குத்தாக நிற்கும் அதன் ரேடியேட்டர் முகப்பில் காற்று வழுகிச் செல்ல என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.) பின்னர் முடிவுரை: காற்றொழுகு வடிவம் நவீனத்துவத்தின் உலகப் பொதுமொழி, இந்தியாவும் அதைப் பேசியது. அண்மையில் ஒரு கருத்தரங்கில் இதை மீண்டும் கேட்டேன். கைதட்டலும் கிடைத்தது. இது வரலாறன்று, கொள்முதல் பட்டியல் என்பதே என் வாதம்.

அடிப்படை இயற்பியலிலிருந்து தொடங்குவோம். காற்றுத்தடை வேகத்தின் இருமடிப்பெருக்கத்தில் உயர்கிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ மும்மடிப்பெருக்கத்தில் உயர்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 90ஐ எட்டினால் காற்றுக்கென்று 27 மடங்கு திறனைச் செலவிட வேண்டும். குறைந்த வேகத்தில் டயரும் சாலையும் உராய்வதே பெரிய தடை. ஆகவே காற்றொழுகு வடிவம் தனியே நிற்கும் அழகுப்பொருள் அன்று. நீண்ட, தடையற்ற, கெட்டியான சாலையை முன்நிபந்தனையாகக் கொண்டது. பிராங்பர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் இடையே அதிவேகச் சாலை திறக்கப்பட்டது 1935இல். ஹான்ஸ் லெட்விங்காவின் டாட்ரா 77 வெளிவந்தது அதற்கு முந்தைய ஆண்டு. இரண்டையும் பிரித்துப் படிக்க இயலாது.

அந்தப் 'பொதுமொழி' ஐரோப்பாவிலேயே எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா? 1921இல் பெர்லினில் நீர்த்துளி வடிவக் காரைக் காட்டியவர் எட்மண்ட் ரும்ப்லர். 1979இல் போக்ஸ்வாகன் காற்றுச்சுரங்கத்தில் அதைச் சோதித்தபோது இழுவைக் கெழு ஏறத்தாழ 0.28 என வந்தது. அன்றைய புதிய கார்களே நாணும் எண். யூதர் என்பதால் 1933க்குப் பின் அவருடைய தொழில் வாழ்வு முடிக்கப்பட்டது. மக்கள் காருக்காக எழுதிவந்த பொறியாளரும் இதழாசிரியருமான யோசப் கான்ஸ் அதே ஆண்டு கைதாகி, பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். செப்பலின் ஆகாயக்கப்பல் பட்டறையிலிருந்து வந்து இத்துறைக்குக் காப்புரிமை வாங்கிய பால் யாராயின் பெயர் நம் பாடத்திட்டங்களில் எங்கே இருக்கிறது? போர்ஷே மட்டும் இருக்கிறார். அமெரிக்காவில் கிரைஸ்லர் ஏர்ப்ளோ 1934இல் வந்து, விற்காமல், 1937இல் நின்றது. வெற்றி ஊர்வலம் போல் எழுதப்படும் வரலாற்றில் இவற்றுக்கு இடமில்லை.

இனி நம் ஊர்ப்பக்கம். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் முன் இருந்த கேள்விகள் வேறு: அச்சு முறியாமல் இருப்பது எப்படி, உதிரிபாகத்தை உள்ளூரில் செய்வது எப்படி, நேரம் தவறாமல் ஓட்டுவது எப்படி. கப்பலில் வந்த சேசிஸின் மேல் மரச்சட்டம் அடித்துப் 'பாடி' கட்டிய தச்சரும் கொல்லரும் இக்கேள்விகளுக்குத்தான் விடை தேடினார்கள். அரசோ இரயில்வேயின் வருவாயை எண்ணிக் கவலைப்பட்டது. மிட்செல்-கிர்க்னஸ் அறிக்கை 1933இல் வந்தது. 1939இல் மோட்டார் வாகனச் சட்டம் உரிமம், வழித்தடம், வேகம் அனைத்தையும் கட்டுக்குள் கொணர்ந்தது. நம் பேருந்தின் வடிவத்தைத் தீர்மானித்தவற்றுள் இச்சட்டத்தையும் சேர்க்காமல் வடிவமைப்பு வரலாறு எழுதுவது எப்படி? போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் டி.வி.எஸ். நிறுவனத்தார் கரிவாயுக் கருவி செய்து வண்டிகளை ஓட்டினார்கள். ஐரோப்பியன் வண்டியின் பின்புறத்தைக் கூராக்கிக்கொண்டிருந்த தலைமுறையில் நாம் அதே இடத்தில் கரி உலையைப் பொருத்தினோம். இதைவிடச் சுவையான ஆய்வுப்பொருள் வேண்டுமா?

நான் வசிக்கும் வைட்டிலாவில் பேருந்துகளின் சப்பை முகத்தைக் காட்டி, "நாம் இன்னும் காற்றியக்கம் கற்கவில்லை" என்று மாணவர்கள் சிரிப்பதுண்டு. சில நூறு மீட்டருக்கு ஒருமுறை நிற்கும் வண்டிக்குப் பெட்டி வடிவமே அதிக இருக்கை தரும். அது அறியாமையன்று, கணக்கு.

இதை ஆய்வாக்க விரும்பிய நண்பர் ஒருவரின் முன்வரைவு, "இது பட்டறைக் கதை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மகாராஜாவின் கார்க் கொட்டகை வரலாறாகும்போது பட்டறை மட்டும் கதையாவது ஏன் என்பதை நெறியாளர்கள் விளக்க வேண்டும். கரூரிலும் கோவையிலும் கேரளத்திலும் பழைய கூடு கட்டும் பட்டறைகளின் கணக்கேடு, அளவுப்படம், கூலிப்பதிவு எவரிடமேனும் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். எடைக்குப் போடுவதற்கு முன் படியெடுத்துவிடலாம்.