மலை உச்சியில் எதிரி! விமானம் மட்டும் போதுமா?

கொல்லிமலை:
காரவள்ளியில் இருந்து செம்மேட்டுக்குப் பஸ் ஏறுகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேல் வளைவில் நிற்கிற ஒருவன், கீழே வரும் பஸ், லாரி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கோ மேலே இருப்பவன் கண்ணில் படமாட்டான்.

வல்வில் ஓரி ஆண்ட மலை இது. கொல்லிப்பாவை இந்த மலைக்குக் காவல் நின்றாள், சிரித்தே ஆளைக் கொன்றாள் என்பது பழங்கதை. இத்தனை காவல் இருந்தும் ஓரி போரில் மாண்டான். மலையமான் காரி மலையைப் பிடித்துச் சேரனிடம் கொடுத்தான் என்று சங்கப் பாட்டுகள் சொல்கின்றன.

அன்று ஆகாய விமானம் கிடையாது. இன்று இருக்கிறது. அப்படியானால் உச்சியில் பதுங்கியவனை வானத்தில் இருந்தே விரட்டிவிடலாமே?

2025-ம் ஆண்டு மே மாதம் பாகிஸ்தானுடன் 4 நாள் சண்டை நடந்தபோது டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சுதான். "நம்மகிட்ட ரஃபேல் இருக்கு, அப்புறம் என்ன பயம்?" என்றார்கள்.

சங்கதி அவ்வளவு சுலபம் இல்லை.

முதல் நாள் அடி

மே 7-ந்தேதி அதிகாலை இந்தியா 9 இடங்களைத் தாக்கியது. பயங்கரவாதிகளின் முகாம்கள்தான் குறி, பாகிஸ்தான் ராணுவ நிலைகளைத் தொடவில்லை என்று அரசு அறிவித்தது. அதாவது, எதிரியின் ரேடாரும் ஏவுகணையும் கண் விழித்தபடியே இருந்தன.

அன்று விமானங்களை இழந்தது உண்மைதான் என்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் மே 31-ந்தேதி சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார். எத்தனை என்று சொல்லவில்லை. தவறு எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டோம், இரண்டு நாள் கழித்து மறுபடியும் பறந்து தொலைவில் இருந்தே தாக்கினோம் என்றார்.

இடையில் நடந்ததுதான் முக்கியம். லாகூரில் இருந்த வான் பாதுகாப்பு அமைப்பை முடக்கிவிட்டதாக மே 8-ந்தேதி அரசு அறிவித்தது. மே 10-ந்தேதி ராவல்பிண்டி பக்கத்தில் உள்ள நூர்கான் உள்பட பல விமானத் தளங்கள் அடிவாங்கின. அன்று மாலையே சண்டை நின்றது. முதலில் கண்ணைக் குத்தினார்கள், பிறகுதான் கையை ஓங்கினார்கள்!

இந்தப் பக்கமும் அதே கதைதான். பாகிஸ்தான் நூற்றுக்கணக்கில் டிரோன்களை ஏவியது. அவற்றைச் சுட்டு வீழ்த்தியவற்றில் பல பத்தாண்டு பழமையான எல்-70 பீரங்கிகளும் உண்டு. பழசு என்று எதையும் தள்ளிவிடுவதற்கில்லை. 1999 மார்ச் 27-ந்தேதி, ரேடார் கண்ணில் படாது என்று பெயர் வாங்கிய அமெரிக்காவின் எப்-117 விமானத்தை செர்பியர்கள் வீழ்த்தியது சோவியத் காலத்துப் பழைய ஏவுகணையால்தான்.

அதற்குச் சரியாக இரண்டு மாதம் கழித்து, மே 27-ந்தேதி, நம் விமானப்படைக்குக் கார்கிலில் விழுந்தது அடி.

கார்கில் உச்சியில்

குளிர்காலத்தில் ஆள் இல்லாமல் விட்டுவந்த மலை உச்சிகளில் பாகிஸ்தான் படையினர் ஏறிப் பதுங்கிவிட்டார்கள். கீழே ஸ்ரீநகர்-லே ரோடு. காரவள்ளி ரோட்டை மேலே இருந்து பார்க்கிற மாதிரிதான். போகிற வருகிற ராணுவ லாரியை எல்லாம் அவர்களால் குறி வைக்க முடிந்தது. உயரம் மட்டும் வேறே. கொல்லிமலை சுமார் 4 ஆயிரம் அடி. டைகர் ஹில் 16 ஆயிரம் அடிக்கும் மேல்!

மே 26-ந்தேதி விமானத் தாக்குதல் தொடங்கியது. மறுநாளே மிக்-27 விமானத்தின் என்ஜின் நின்றுபோனது. விமானி நச்சிகேதா குதித்துத் தப்பினார், ஆனால் எதிரியிடம் சிக்கிக்கொண்டார். அவரைத் தேடிப் பறந்த அஜய் அகுஜாவின் மிக்-21 விமானம் ஏவுகணைக்கு இரையானது. அகுஜா உயிர் தியாகம் செய்தார். 28-ந்தேதி டோலோலிங் அருகே ஹெலிகாப்டர் ஒன்று சுடப்பட்டு 4 பேர் பலி.

சுட்டது பெரிய பீரங்கி அல்ல. ஒருவன் தோளில் வைத்துச் சுடும் "ஸ்டிங்கர்". என்ஜின் சூட்டை மோப்பம் பிடித்துத் துரத்தும். சமவெளியில் இருந்து சுட்டால் ஓரளவு உயரம்தான் எட்டும். சுடுகிறவனே 16 ஆயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்திருந்தால்? மலையே அவனுக்கு ஏணி. அந்த ஏவுகணையை ஏமாற்ற வாணவேடிக்கை போல நெருப்புப் பந்துகளை உதிர்க்கவேண்டும். சுடப்பட்ட ஹெலிகாப்டரில் அதற்கான கருவி இல்லை. அதை அனுப்பியிருக்கவே கூடாது.

போதாததற்கு, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று வாஜ்பாய் அரசின் கட்டளை. உலகம் இந்தியா பக்கம் சாய்ந்ததற்கு அது பெரிய காரணம், ஆகவே கட்டளை சரிதான். ஆனால் விமானிகளுக்கு வளைந்து திரும்பக்கூட இடம் குறுகிப்போனது.

முறை மாறியது

அதன்பிறகு தாக்குதல் ஹெலிகாப்டர்கள் விலக்கப்பட்டன. விமானங்கள் ஸ்டிங்கர் எட்டாத உயரத்துக்குப் போயின. அங்கே புதுத் தொல்லை. குறியோ கல்லை அடுக்கிய சின்னப் பதுங்குகுழி. சில கஜம் தவறினாலும் குண்டு பள்ளத்தாக்கில் போய் விழும். மெலிந்த காற்றில் வழக்கமான கணக்கும் பிசகியது.

மிராஜ் விமானங்கள் வந்தபிறகுதான் நிலைமை திரும்பியது. ஜூன் 17-ந்தேதி பட்டாலிக் பகுதியில் முந்தோ தாலோ என்ற இடத்தில் எதிரியின் சரக்கு முகாம் நொறுங்கியது. சோறும் தோட்டாவும் போகும் வழி அடைபட்டது. உச்சியில் விழுந்த குண்டுகளைவிட இதுவே பெரிய அடி. 24-ந்தேதி டைகர் ஹில் மீது லேசர் ஒளியைப் பிடித்துப் போகும் குண்டு விழுந்தது.

அப்படியும் டைகர் ஹில் தானாகக் கைக்கு வந்துவிடவில்லை. ஜூலை 3-ந்தேதி இரவு பீரங்கிகள் முழங்க, சிப்பாய்கள் செங்குத்துப் பாறையில் கயிறு பிடித்து ஏறினார்கள். ஏறியவர்களில் ஒருவர் யோகேந்திர சிங் யாதவ், வயது 19. உடம்பெல்லாம் குண்டு பாய்ந்தும் பிழைத்தார், பரம்வீர் சக்ரா பெற்றார். மறுநாள் மலை நம் கையில்.

அந்தப் போரில் இந்திய வீரர்கள் 527 பேர் பலியானார்கள்.

அவர்களில் ஒருவர் திருச்சி மேஜர் சரவணன். பீகார் படைப்பிரிவு அதிகாரி. மே 29-ந்தேதி, அதாவது ஹெலிகாப்டர் விழுந்த மறுநாள், பட்டாலிக் பகுதியில் ஜூபார் மலை மீது தன் ஆட்களோடு ஏறினார். மிராஜின் லேசர் குண்டு அப்போது இன்னும் வரவில்லை. எதிரியின் பதுங்குகுழியை நெருங்கி அடித்தவர் அங்கேயே குண்டடிபட்டு விழுந்தார். உடலை எடுக்கப் போனவர்கள் மீதும் மேலே இருந்து சூடு. ஒரு மாதத்துக்கு மேல் அவர் உடல் பனியிலேயே கிடந்தது. ஜூலை மாதம்தான் திருச்சிக்கு வந்தது.